வெயில்பால் பிள்ளைகள்

நான் சொல்லப்போவது நடந்தபடியேதான் என் நினைவில் இருக்கிறதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. டாக்டர் சங்கரவடிவு அந்தச் சோதனையை நடத்திய அறையை நினைக்கும்போதெல்லாம் ஒரு ஜன்னலும், அதன் வழியே தரையில் விழுந்த வெயிலும் தெரிகின்றன. அந்தக் காலத்தில் எங்கள் கடற்கரையில் கட்டிய எந்த அரசுக் கட்டடத்துக்கும் ஜன்னல் கிடையாது. ஆகவே அந்த ஜன்னலை நான்தான் பிற்பாடு வைத்திருக்க வேண்டும். வேறு எதையெல்லாம் வைத்தேன், எதையெல்லாம் எடுத்தேன் என்று தெரியவில்லை. எனக்கு அப்போது பதினோரு வயது.

எங்கள் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களை ஒட்டி இருந்தது. வெயில் கெட்டுப்போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. வானத்தில் நமக்கு மேலே இருந்த ஒரு போர்வை மெலிந்துவிட்டதாகப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். உப்பளத்து வேலை விடிவதற்கு முன்பும் பொழுது சாய்ந்த பின்பும்தான். நடுப்பகலில் தெருவில் நாய்கூட நடமாடாது. பெரியவர்கள் எப்படியோ பழகிக்கொண்டார்கள். கைக்குழந்தைகளின் தோலுக்குப் பழகத் தெரியவில்லை. ஒரு கோடையில் எங்கள் தெருவிலேயே இரண்டு குழந்தைகள் கொப்புளம் கண்டு இறந்துபோயின. அதன் பிறகுதான் வெயில்பால் வந்தது.

அதற்கு நீளமான வேறு பெயர் இருந்தது. யாரும் அதைச் சொன்னதில்லை. பால் போல வெளுப்பாக, நீர்த்து, எந்த வாசனையும் இல்லாமல் இருக்கும். பிறந்த குழந்தை முதல் ஐந்து வயதுவரை தினமும் பூச வேண்டும் என்பது அரசாணை. காலையில் வீட்டில் பூசிவிட்டு எல்லாப் பிள்ளைகளையும் அங்கன்வாடிக்குக் கொண்டுபோக வேண்டும். தங்கபுஷ்பம் டீச்சர் முகத்திலிருந்து கால்வரை ஒரு சிறிய விளக்கை அடித்துப் பார்ப்பார். பால் பட்ட இடம் கறுப்பாகத் தெரியும். படாத இடம் மின்னும்.

“ஏ ஜெசிந்தா, ஒம் மவன் காது மடல் மின்னுது பாரு. காத மட்டும் வெயிலுக்குக் குடுக்கப் போறியா?”

ஜெசிந்தா என் அம்மா. மகன் என் தம்பி டைட்டஸ். நான் வெயில்பாலுக்கு முன்னால் பிறந்தவள். ஈரத் துணிக்குள்ளும் ஓலைப் பந்தலுக்கு அடியிலும் என்னை வளர்த்தார்கள். டைட்டஸ்தான் எங்கள் வீட்டில் வெயில்பால் பிள்ளை.

முதலில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். கொப்புளம் நின்றுவிட்டது. கொசுகூடப் பிள்ளைகளைக் கடிக்கவில்லை. “ஒரு பாட்டில்ல ரெண்டு மருந்து” என்று பக்கத்து வீட்டு எமல்டா சித்தி சொல்லிச் சிரித்தாள். எங்கள் தெரு நாய், என்னைக் கண்டால் வாலாட்டிக்கொண்டு ஓடிவரும். வாசலில் தூங்கிக்கொண்டிருந்த டைட்டஸைக் கல்லைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போயிற்று. அதற்கும் சிரித்தோம்.

அப்பா வந்தபோதுதான் சிரிப்பு நின்றது. அவர் ஆழ்கடலில் காற்றாலைக் கோபுரங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். சில மாதங்களுக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு முத்தம் என்றால் உதட்டால் கொடுப்பதில்லை. உச்சந்தலையில் மூக்கை வைத்து, மூச்சை உள்ளே இழுத்து, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருப்பார்கள். அப்பா முதலில் எனக்குக் கொடுத்தார். பிறகு டைட்டஸைத் தூக்கினார். அவனுக்கு அப்போது ஒரு வயது நிரம்பவில்லை.

உச்சியில் மோந்தார். மறுபடி மோந்தார். கழுத்து மடிப்பில் மோந்தார்.

“குளிப்பாட்டுனியா?”

“எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டித்தான் வச்சிருக்கேன். ஏன்?”

“ஒண்ணுமே இல்லையே ஜெசி.”

“என்ன ஒண்ணுமில்ல?”

“பிள்ள மணம்.”

அம்மா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். “ஒங்க மூக்குல கிரீஸ் அடைச்சிருக்கும். போயி கழுவிட்டு வாங்க.”

அப்பா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அம்மாவும் சிரிக்கவில்லை. அம்மாவுக்கு அது முன்பே தெரியும் என்று எனக்கு அப்போது புரிந்தது.

அம்மா தம்பிக்கு எதிலும் குறை வைக்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். நேரத்துக்குச் சோறு, நேரத்துக்குக் குளியல், காய்ச்சல் வந்தால் கண்விழிப்பு. ஆனால் அவனுக்கு ஊட்டி முடித்துக் கை கழுவியபின், எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும் என்னிடம் வருவாள். என் பின்னால் நின்று உச்சியில் மூக்கை வைப்பாள். நீண்ட நேரம் எடுக்கமாட்டாள். நான் அசையாமல் இருப்பேன். டைட்டஸ் தரையில் உட்கார்ந்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். அழமாட்டான். யார் கை நீட்டினாலும் போவான், யார் இறக்கிவிட்டாலும் இறங்குவான். ஊரில் அவன் வயதுப் பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தான் இருந்தார்கள். நல்ல பிள்ளைகள், தொந்தரவில்லாத பிள்ளைகள் என்று டீச்சர் மெச்சிக்கொள்வார்.

ஒருநாள் குழாயடியில் அம்மா எமல்டா சித்தியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

“யாரோ பாத்துக்கிடச் சொல்லி விட்டுட்டுப் போன பிள்ள மாதிரியே இருக்குடி. சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போயிருவாவன்னு தோணுது.”

சித்தி குடத்தை நிமிர்த்தி வைத்தாள். சுற்றிலும் பார்த்தாள்.

“வாய மூடு.” பிறகு, தண்ணீர் விழும் சத்தத்துக்குள், “எனக்குந்தான்” என்றாள்.

டைட்டஸுக்கு ஐந்து வயதாகச் சில மாதங்கள் இருந்தபோது டாக்டர் சங்கரவடிவு எங்கள் ஊருக்கு வந்தார். தோல் மருத்துவர், அரசு மருத்துவமனைக்காரர். வெள்ளித் தாள் ஒட்டிய பெரிய குடையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக நடந்தார். எங்கள் வீட்டில் எமல்டா சித்தியும் இன்னும் சில பெண்களும் கூடியிருந்தார்கள். அவர் டைட்டஸை மடியில் வைத்து, அவன் உச்சியில் மூக்கை வைத்தார். டாக்டர்கள் அப்படிச் செய்வார்கள் என்று நான் நினைத்ததில்லை.

“எல்லா ஊர்லயும் இல்ல. நம்ம பக்கந்தான் அதிகம்” என்றார். “ஏன்னு ரொம்ப நாள் புரியல. பொறவுதான் ஒரு வீட்டுல குளிப்பாட்டுறதப் பாத்தேன். பிள்ளைக்கு எண்ணெய் தேய்ச்சு, குளிப்பாட்டி, மறுபடி கொஞ்சம் எண்ணெயத் தடவி, அதுக்கு மேல வெயில்பால். எல்லாரும் அப்படித்தான?”

“பின்ன?” என்றாள் எமல்டா சித்தி. “எண்ணெய் தேய்க்காம வளக்குறதுக்குப் பிள்ள என்ன பிளாஸ்டிக்கா, டாக்டரம்மா?”

எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார்.

“இது தோல் மேல நிக்க வேண்டிய மருந்து. கம்பெனிக்காரங்க காஞ்ச தோல்லதான் பூசிப் பாத்திருக்காங்க. அங்க யாரும் பிள்ளைய எண்ணெய்ல முக்கி எடுக்கல. இந்த மருந்து எண்ணெய்ல கரையும். எண்ணெய் கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயிருது. பெரியவங்க தோல் பரவால்ல. பிள்ளத் தோலு மெல்லிசு. உடம்பும் சின்னது. உடம்புக்கு அது ஜாஸ்தி.”

“உள்ள போயி என்ன செய்யும்?” அம்மாதான் கேட்டாள்.

“வேர்வை ஊறுற எடத்துல போயி உக்காந்துகிடுது. மணத்த அழிக்குது. அது தெரியுது. வேற எதையெல்லாம் அழிக்குதுன்னு எனக்குத் தெரியாது. பாக்குறதுக்கு யாரும் காசு குடுக்க மாட்டேங்காவ.”

“திரும்பி வராதா?”

டாக்டர் டைட்டஸின் வாயைத் திறந்து பார்த்தார். “பால்பல் விழுறதுக்குள்ள நிறுத்திட்டா வரும்னு நினைக்கேன். நினைக்கேன், அவ்வளவுதான்.”

“நிறுத்திட்டா வெயிலுக்கு?”

“துணி. நிழல். தெருவுக்கு மேல பந்தல். பிலோமினாவ நீங்க எப்படி வளத்திய? அப்படித்தான்.” என்னைக் காட்டினார். “பந்தல் போடணும்னா ஊர் ஊராப் பணம் வேணும். பாட்டில் மலிவு. அதான் சங்கதி.”

எண்ணெயை நிறுத்துங்கள் என்றும் சொல்லிப் பார்த்தார். பெண்கள் தலையாட்டினார்கள். ஒருத்தியும் நிறுத்தப்போவதில்லை என்பது அவருக்கே தெரிந்திருந்தது. அதனால்தான் வேறொன்றைக் கொண்டுவந்திருந்தார். சென்னையில் ஒரு குழு உட்கார்ந்திருந்தது. வெயில்பாலைத் தொடர்வதா, நிறுத்துவதா, பத்து வயதுவரை நீட்டுவதா என்று அது முடிவு செய்யும். பிள்ளை மணம் போய்விட்டது என்றால் அந்தக் குழுவில் யாரும் கேட்கமாட்டார்கள். அளந்து காட்டினால் கேட்பார்கள். ஆகவே டாக்டர் ஒரு சோதனை வைத்திருந்தார். பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி வெள்ளைப் பனியன் கொடுப்பார். அதைப் போட்டுத் தூங்க வைத்து, உறையில் போட்டுக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு தாய்க்கும் முன்னால் ஐந்து டப்பாக்கள் வைக்கப்படும். அதில் ஒன்றில் அவள் பிள்ளையின் பனியன் இருக்கும். மோந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

“முன்னெல்லாம் பெத்த மறுநாளே நிறையத் தாய்மார் சரியாச் சொல்லிருவாங்க. இப்ப உங்களால முடியாது. முடியலன்னு காட்டுனாத்தான் நிறுத்துவாங்க. நீங்க தப்பாச் சொன்னாத்தான் நமக்கு நல்லது. புரியுதா?”

“புரியுது” என்றார்கள் எல்லாரும். அம்மாவும் சொன்னாள்.

சோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மா என்னைக் கூப்பிட்டாள். கையில் டைட்டஸின் பனியன் இருந்தது.

“ஏட்டி, இதக் கழுத்துல சுத்திக்க.”

“எதுக்கும்மா?”

“சுத்துன்னா சுத்து. அப்படியே மாவாட்டு. வேர்க்கட்டும்.”

நான் ஆட்டினேன். டைட்டஸ் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா பனியனை என் கழுத்திலிருந்து உருவி, முகர்ந்து பார்த்து, உறையில் போட்டு மூடினாள். நான் மறுபடி கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கேள்விகள் அப்படித்தான் பாதியில் உட்கார்ந்துவிடும்.

மறுநாள் சமுதாயக் கூடத்து அறையில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். பரீட்சைக்கு வந்த பிள்ளைகளைப் போல ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். “பள்ளிக்கூடத்துல ஒரு கேள்விக்கும் நான் சரியாப் பதில் சொன்னதில்ல. இன்னைக்கு அதுக்குப் பரிசு” என்றாள் எமல்டா சித்தி. எல்லாரும் அளவுக்கு அதிகமாகச் சிரித்தார்கள்.

அவள்தான் முதலில் போனாள். இரண்டாவது டப்பாவைத் திறந்ததும் நின்றுவிட்டாள். “இதுதான்” என்றாள். டாக்டர் அடியில் இருந்த எண்ணைப் பார்த்தார். சரியாக இருந்தது.

அடுத்தவள் சொன்னாள். சரி. அதற்கடுத்தவள். சரி. வெளியே வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. தனித்தனியே போய்ச் சுவரோரம் நின்றுகொண்டார்கள். என் அம்மா உள்ளே போனபோது நான் கதவருகில் இருந்தேன். முதல் டப்பா, இரண்டாவது, மூன்றாவது. நான்காவதில் மூக்கை வைத்தவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“இதுதான் எம்புள்ள” என்றாள்.

டாக்டர் எண்ணைப் பார்க்கக் குனிந்தார். நிமிர நேரமாயிற்று.

எங்கள் ஊரில் ஒரு தாய்கூடத் தவறவில்லை. அடுத்த கோடைக்குள் குழு முடிவு சொன்னது. தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் வெயில்பால் எந்தக் குறையும் செய்யவில்லை என்பது கடற்கரை ஊர் ஒன்றில் நடந்த சோதனையில் உறுதியானதால், அதைப் பத்து வயதுவரை, மாநிலம் முழுவதும் கட்டாயமாக்கலாம். கையெழுத்தாவதற்கு முன் ஆட்சேபம் சொல்லச் சில வாரங்கள் கொடுத்திருந்தார்கள். அந்த வாரங்களில் ஒருநாள் டாக்டர் மறுபடி எங்கள் வீட்டுக்கு வந்தார். குடையைக்கூட மடக்காமல் வாசலில் நின்றார்.

“ஜெசிந்தா, எல்லாருமே சரியாச் சொல்லிட்டாவ. வெயில்பால் வர்றதுக்கு முன்னகூட எந்த ஊர்லயும் இப்படி வந்ததில்ல.”

அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

“எமல்டா டப்பால சாம்பிராணி. இன்னொருத்தர் டப்பால கருவாடு.” அவர் சிரிக்க முயன்றார். “அன்னைக்கே மூக்குல ஏறிச்சு. அங்க வச்சுச் சொன்னா எல்லாருக்கும் அவமானம்னு வாய மூடிக்கிட்டேன். உங்க டப்பால மட்டும் பிள்ள மணம் இருந்துது. எந்தப் பிள்ளன்னு எனக்குத் தெரியும்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவும் பார்க்கவில்லை.

“தெருத் தெருவா எல்லார்ட்டயும் கேட்டுட்டேன். ஒருத்தரும் ஒத்துக்கிட மாட்டேங்காவ. நான் மட்டும் சொன்னா அங்க நம்ப மாட்டேங்காவ. நீங்க ஒருத்தர் சொன்னாப் போதும். எனக்கு எம்புள்ளையத் தெரியல, அதான் இப்படிச் செஞ்சேன்னு. நான் சென்னைக்குப் போயி நிறுத்திருவேன். உங்க பையனுக்கு இன்னும் ஒரு பல்லுகூட ஆடல. நேரமிருக்கு.”

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அல்லது அதுதான் நன்றாக நினைவிருப்பதாக நினைக்கிறேன். சத்தம் கேட்டு டைட்டஸ் உள்ளிருந்து வந்து நிலைப்படியில் நின்றான்.

“எம்புள்ளைய எனக்குத் தெரியாதுன்னு நான் சொல்லணும்” என்றாள் அம்மா மெதுவாக. “அவன் நிக்கான். அவனுக்குக் காது கேக்கும், டாக்டரம்மா.”

“அவனுக்காகத்தான் கேக்குதேன்.”

“ஊரெல்லாம் பேசும். நாளைக்கு அவன் காதுல சொல்லுவாவ. ஒங்கம்மா ஒன்னத் தெரியலன்னு எழுதிக் குடுத்தவன்னு.”

“அவன மட்டும் இல்ல ஜெசிந்தா. எத்தனையோ பிள்ளைய.”

“எத்தனையோ பிள்ளைய எனக்கு எப்படித் தெரியும்?” அம்மாவின் குரல் உடைந்தது. “எம்புள்ளைய எனக்குத் தெரியும். எத்தன டப்பாக்குள்ள போட்டு மூடுனாலும் தெரியும். போங்க.”

அப்போது டைட்டஸ் நடந்துவந்தான். யாரும் கூப்பிடவில்லை. தானாக யாரிடமும் போகாத பிள்ளை, நேராக வந்து அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்தான். அம்மா அவன் உச்சியில் மூக்கை வைத்தாள். அங்கே ஒன்றும் இல்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் மூச்சை ஆழமாக இழுத்து, நெடுநேரம் அப்படியே இருந்தாள். டாக்டர் தண்ணீரைக் குடிக்காமல் செம்பைக் கீழே வைத்துவிட்டு வெயிலில் இறங்கிப் போனார்.

பல ஆண்டுகளாக நான் அந்தக் காட்சியை ஒரு கணக்காகவே வைத்திருந்தேன். ஒரு தட்டில், அம்மா உண்மையைச் சொல்லியிருந்தால் மணத்தோடு வளர்ந்திருக்கக்கூடிய எண்ணற்ற பிள்ளைகள். இன்னொரு தட்டில், தன் தாய்க்குத் தன்னைத் தெரியும் என்று நம்பி மடியேறிய ஒரே பிள்ளை. எந்தத் தட்டு இறங்கியது என்று எனக்கு ஒருபோதும் தெரியவில்லை. ஆனால் இரண்டாவது தட்டிலும் ஏதோ இருக்கிறது என்பதில் மட்டும் நிம்மதி இருந்தது.

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று நானும் டைட்டஸும் வீட்டில் தனியே உட்கார்ந்திருந்தோம். இருவரும் பேசிப் பழகாதவர்கள். கடைசியில் நான்தான் கேட்டேன்.

“டாக்டரம்மா வந்த அன்னைக்கு நீயா போயி அம்மா மடில உக்காந்தியே, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. வெள்ளிக் குடை.”

“ஏன் போன?”

அவன் யோசித்தான். “அம்மா மூஞ்சி அழப்போற மாதிரி இருந்துச்சு. யாராவது மடில உக்காந்தா அழ மாட்டாவன்னு நினைச்சேன்.”

“யாராவதா?”

“ஆமா. நீ எட்டத்துல நின்ன. வேற யாரும் இல்ல.”

“அம்மா அப்ப ஒண்ணு சொன்னாங்களே. அதக் கேட்டுட்டுப் போனியோன்னு நினைச்சேன்.”

“என்ன சொன்னாங்க?”

அவன் உண்மையாகவே கேட்டான். அவன் முகத்தை நான் வெகுநேரம் பார்த்தேன். அம்மாவின் மூக்கு, அம்மாவின் நெற்றி. நான் சொல்லவில்லை. அவனும் மறுபடி கேட்கவில்லை.

டாக்டர் சங்கரவடிவை மலையோர ஊர் ஒன்றுக்கு மாற்றினார்கள். அங்கிருந்து அதே விஷயத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். ஓய்வு பெறும் முன்பே இறந்துபோனார். அப்பா கோபுரத்து வேலையிலிருந்து திரும்பி, சில வருடங்கள் எங்களோடு இருந்து, அம்மாவுக்கு முன்னால் போனார். எமல்டா சித்தி இருக்கிறாள். அவளுக்கு இப்போது எதுவும் சரியாக நினைவில்லை. ஆணை கையெழுத்தாயிற்று. வெயில்பாலை அதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பிறகுதான் நிறுத்தினார்கள். தீங்கு என்பதற்காக அல்ல. அதைவிட மலிவாக வேறொன்று வந்துவிட்டது. தெருக்களுக்குப் பந்தல் இன்னும் போடவில்லை. டைட்டஸ் கோயம்புத்தூரில் இருக்கிறான். ஆரோக்கியமாக இருக்கிறான். அவன் மனைவியும் வெயில்பால் பிள்ளைதான். இரண்டு மகள்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த வீட்டிலேயே தனியாக இருக்கிறேன்.